தானே அணையும் விளக்குகள்: அலுவலக ஒளிக் கட்டுப்பாடு பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

மாலை மங்கிய பின்னர் நகரத்தின் பெருஞ்சாலை ஒன்றில் நடந்து செல்வோர், இருமருங்கிலும் உள்ள அலுவலகக் கட்டடங்களை அண்ணாந்து நோக்கினால் ஒரு காட்சியைக் காணலாம். ஊழியர் வீடு திரும்பிவிட்டனர். நாற்காலிகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. ஆயினும் மாடிதோறும் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன. அவை யாருக்காக எரிகின்றன என்று வினவினால் விடை கூறுவார் இலர்.

வீட்டில் ஓர் அறையை விட்டு வெளியேறும்போது நம் கை தானாகவே சுவிட்சைத் தேடுகிறது. அலுவலகத்தில் அதே கை அவ்வாறு தேடுவதில்லை. வீட்டு விளக்கு நம்முடையது. அதன் கட்டணமும் நம்முடையது. நூறு பேருக்குப் பொதுவான விளக்கை அணைக்கும் பொறுப்போ, அந்நூறு பேரில் ஒருவருக்கும் உரியதாவதில்லை. முதலில் செல்பவர் ஏனையோர் இருக்கின்றனர் என்று அணைப்பதில்லை. இறுதியில் செல்பவர் தாமே இறுதியானவர் என்பதை அறிவதில்லை.

இவ்வாறு உரியவரின்றி நிற்கும் பொறுப்பைக் கருவி ஒன்றிடம் ஒப்படைக்க இயலுமா? இவ்வினாவிலிருந்து பிறந்ததே தானியங்கி ஒளிக் கட்டுப்பாடு. அதன் வகைகளையும் செயற்படும் முறையையும் வெற்றி தோல்விகளையும் இக்கட்டுரையில் காண்போம். கருவியிடம் ஒப்படைக்கத் தக்கது எது, தகாதது எது என்பதே நம் ஆய்வின் மையமாகும்.

சொல்லும் செயலும்

பொருளுக்குள் புகுமுன் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. விளக்கொளியின் எரிவை நிறுத்துவதற்குத் தமிழில் அணைத்தல், அவித்தல், அமர்த்துதல் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. ஈழத்தமிழர் நூர்த்தல் என்பர். ஒளியை உண்டாக்குவதற்கு ஏற்றுதல் என்றும், முற்றும் நிறுத்தாமல் குறைப்பதற்குத் தணித்தல் என்றும் சொல்கிறோம். ஏற்றுதல், தணித்தல், அணைத்தல் ஆகிய இம்மூன்றும் மூன்று வெவ்வேறு செயல்கள். அலுவலக ஒளிக் கட்டுப்பாட்டைப் பற்றிய குழப்பங்களுள் பெரும்பாலானவை இம்மூன்றையும் ஒன்றாகக் கருதுவதால் விளைபவை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

வரலாற்றுப் பின்னணி

1938-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த குழல் விளக்கு, இழை விளக்கைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தந்தது. மலிவான ஒளி கிடைக்கவே கட்டடங்களின் வடிவமும் மாறியது. சாளர வெளிச்சத்தை நம்பி ஒடுக்கமாகக் கட்டப்பெற்ற அலுவலகங்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அகலமும் ஆழமும் மிகுந்த கூடங்களாயின. நண்பகலிலும் விளக்கின்றி வேலை செய்ய இயலாத இடங்கள் பெருகின. ஒரு மாடி முழுவதையும் ஒரே பலகையிலிருந்து ஏற்றி அணைக்கும் வழக்கமும் அவற்றோடு வந்தது.

1973-ஆம் ஆண்டின் இறுதியில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையை அடுத்துச் சில திங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. மலிவு என்று எண்ணியிருந்த ஒளி மலிவானதன்று என்பதை அப்போது உலகம் உணர்ந்தது. கலிபோர்னிய மாநிலம் 1974-இல் ஆற்றல் ஆணையம் ஒன்றை நிறுவி, 1978-இல் கட்டடங்களுக்கான ஆற்றல் விதிகளை நடைமுறைக்குக் கொணர்ந்தது. இந்தியாவில் 2001-ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின் வழியே ஆற்றல் திறன் செயலகம் தோன்றிற்று. வணிகக் கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பு 2007-இல் வெளிவந்தது. 2017-இல் திருத்தி அமைக்கப்பெற்றது.

கருவிகளின் வகைகள்

அலுவலகங்களில் பயன்படும் ஒளிக் கட்டுப்பாட்டுக் கருவிகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, காலக் கருவி. குறித்த நேரத்தில் விளக்குகளை அணைக்கும் கடிகாரம் இது. எளியது, விலை குறைந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் செல்லும் இடங்களுக்கு இதுவே போதும். பணி மிகுதியால் இரவில் தங்குவோர்க்கு இது தொல்லை தரும். ஆகவே அணைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னர் ஒருமுறை இமைத்து எச்சரிப்பதும், இருப்போர் ஒரு பொத்தானை அழுத்தினால் மேலும் இரண்டு மணி நேரம் ஒளி நீடிப்பதும் வேண்டும்.

இரண்டாவது, ஆள் உணரி. கூரையிலோ சுவர் மூலையிலோ வெண்ணிறக் குமிழ்போல் காணப்படும் இது, மனித உடலின் வெப்பத்தைக் கொண்டு ஆள் நடமாட்டத்தை அறிகிறது. நம் உடல் ஓயாது அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது; அவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர். குமிழின் மேற்பரப்பு பல சிறு வில்லைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு வில்லையும் அறையின் ஒரு பகுதியை நோக்குகிறது. ஒருவர் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு நகரும்போது உள்ளிருக்கும் படிகத்தின் மீது விழும் வெப்பக் கதிர் மாறுகிறது. அம்மாற்றம் சிறு மின்னோட்டமாகி விளக்கை இயக்குகிறது. இங்கு நாம் கூர்ந்து நோக்கத் தக்கது ஒன்று உண்டு. இக்கருவி ஆள் இருப்பதை அறிவதில்லை. ஆள் அசைவதை மட்டுமே அறிகிறது. அசையாது அமர்ந்து படிப்பவரும் இல்லாதவரும் இதற்கு ஒன்றே. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருப்பவரையும் இது காணாது. கண்ணாடி ஒளியை விடுமேயன்றி இவ்வெப்பக் கதிரை விடாது.

செவிக்கு எட்டாத மீயொலியை அனுப்பி, அது திரும்பி வரும்போது அதன் அதிர்வெண்ணில் நேரும் மாற்றத்தால் அசைவை அறியும் உணரியும் உண்டு. அது தடுப்புகளைச் சுற்றியும் உணரும். சிறு கையசைவையும் அறியும். ஆயின் குளிர்சாதனக் காற்றில் ஆடும் திரைச்சீலையையும் மனிதனாகக் கருதிவிடும். இரண்டையும் இணைத்து, இரண்டும் உணர்ந்தால் ஏற்றவும், இரண்டில் ஒன்று உணர்ந்தாலும் அணையாது காக்கவும் அமைந்த கருவிகள் கூட்ட அறைகளுக்கு ஏற்றவை.

மூன்றாவது, ஒளி உணரி. சாளரத்தின் வழியே வரும் பகலொளியை அளந்து, மேசைமீது வேண்டிய அளவுக்கு எஞ்சியதை மட்டும் விளக்கு தரும்படி செய்வது இது. அலுவலக வேலைக்கு 300 முதல் 500 லக்ஸ் அளவு ஒளி போதும். வெயில் நேரடியாக விழும் திறந்தவெளியிலோ ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளி உண்டு. அதில் நூற்றில் ஒரு பங்குகூட உள்ளே வரவேண்டியதில்லை. அந்தச் சிறு பங்கையும் பயன்படுத்தாமல் சாளரத்தோரத்தில் விளக்கேற்றுவதே நம் வழக்கமாய் இருக்கிறது. முகில் ஒன்று கடந்து செல்லும்போதெல்லாம் விளக்கு ஏறி இறங்கினால் கண்ணுக்கு இடர் ஆகும். ஆகவே நல்ல கருவிகள் சில நிமிடம் பொறுத்திருந்து, பார்ப்போர் அறியாவண்ணம் மெல்லத் தணிக்கின்றன.

சேமிப்பின் அளவு

இக்கருவிகளால் உண்மையில் எவ்வளவு மின்சாரம் எஞ்சும்? கனடா நாட்டின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தார் திறந்த கூடமாக அமைந்த அலுவலகம் ஒன்றில் நிகழ்த்திய கள ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. வேலை நேரம் முழுவதும் விளக்குகள் முழு அளவில் எரியும் நிலையோடு ஒப்பிட்டு அவர்கள் கண்ட முடிவுகள் வருமாறு:

1. ஆள் உணரி தனித்து இயங்கினால் சேமிப்பு 35 விழுக்காடு.
2. ஒளி உணரி தனித்து இயங்கினால் 20 விழுக்காடு.
3. ஊழியர் தத்தம் விளக்கை விருப்பம்போல் தணித்துக்கொள்ளும் வசதி தனித்து நின்றால் 11 விழுக்காடு.
4. மூன்றும் ஒருங்கே இயங்கியபோது 42 முதல் 47 விழுக்காடு.

முதல் மூன்றையும் கூட்டினால் 66 வருகிறது. உண்மைச் சேமிப்போ 47-ஐத் தாண்டவில்லை. காரணம் எளியது. ஆள் இல்லாததால் அணைந்துவிட்ட விளக்கைப் பகலொளி மீண்டும் ஒருமுறை தணிக்க இயலாது. மூன்று கருவிகளின் விற்பனைத் தாள்களையும் எடுத்து விழுக்காடுகளைக் கூட்டிப் பார்த்து மகிழ்வோர் இதனை மறத்தலாகாது.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் 88 ஆய்வுரைகளைத் தொகுத்து 2012-இல் வெளியிட்ட முடிவும் இதனோடு ஒத்துச் செல்கிறது. ஆள் உணரிக்குச் சராசரி 24, பகலொளிக் கட்டுப்பாட்டுக்கு 28, பல முறைகள் இணைந்தவற்றுக்கு 38 விழுக்காடு என்பது அவர்தம் கணிப்பு. பகலொளியைப் பொறுத்தமட்டில், கணினியில் கணக்கிட்ட சேமிப்பு உண்மைக் கட்டடங்களில் அளந்த சேமிப்பைவிட மிகுதியாய் இருந்தது என்பதையும் அவர்கள் சுட்டியுள்ளனர். தாளில் இருக்கும் சேமிப்பு வேறு. மின்னளவியில் தெரியும் சேமிப்பு வேறு.

ஒரு சான்று: நியூயார்க் டைம்ஸ் கட்டடம்

கருவியை வாங்குமுன் சோதித்துப் பார்த்தோர்க்குச் சிறந்த எடுத்துக்காட்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தலைமையகமாகும். இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்த இந்த 52 மாடிக் கட்டடம் 2007-இல் திறக்கப்பெற்றது. தரை முதல் கூரை வரை கண்ணாடியாலான சுவர். வெயிலைத் தடுக்க வெளிப்புறத்தில் வெண்ணிறப் பீங்கான் குழல்களாலான திரை. பகலொளி தாராளமாக வரும். அதனோடு கண்கூச்சமும் வருமன்றோ?

கட்டடம் எழுவதற்கு முன்னரே, குயின்ஸ் பகுதியிலுள்ள தம் அச்சக வளாகத்தில் ஏறத்தாழ 4,500 சதுர அடியில் ஒரு மாதிரி அலுவலகத்தை உரிமையாளர் முழு அளவில் கட்டினர். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் அதில் தானியங்கி விளக்குகளையும் தானே ஏறி இறங்கும் திரைகளையும் பொருத்திப் பல மாதங்கள் அளந்தனர். வெயிலின் சாய்வு பருவந்தோறும் மாறுவதால், ஒரு நாட்சோதனை போதாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். அங்குக் கண்ட குறைகள் திருத்தப்பட்ட பின்னரே கருவிகளை வாங்குவதற்கான ஒப்பந்த விதிகள் எழுதப்பட்டன. குடிபுகுமுன் ஒளி உணரிகள் இடத்துக்கேற்ப ஒழுங்கு செய்யப்பெற்றன.

விளைவை அதே ஆய்வகம் 2013-இல் வெளியிட்டது. விதியளவை மட்டும் நிறைவு செய்யும் கட்டடத்தோடு ஒப்பிட, ஆண்டு மின்செலவு 24 விழுக்காடும் உச்ச நேர மின்தேவை 25 விழுக்காடும் குறைந்திருந்தன. விளக்கு, திரை, தரைவழிக் குளிர்காற்று ஆகிய மூன்றும் சேர்ந்து ஈட்டிய பயன் இது. கருவிகளை வாங்குவதற்கு முன் செலவிட்ட அந்தப் பொறுமைக்கும் இப்பயனில் பங்குண்டு என்பது நம் துணிபு.

ஓர் எளிய கணக்கு

மாணவர்க்கு விளங்கும்பொருட்டு ஒரு கணக்கைக் காண்போம். ஓர் அலுவலகத்தில் நூறு குழல் விளக்குகள் உள்ளன என்க. சோக்கையும் சேர்த்து ஒவ்வொன்றும் 50 வாட் என்றால் மொத்தம் 5 கிலோவாட். ஆளில்லாமல் நாள்தோறும் 3 மணி நேரம் எரிந்தால், ஆண்டின் 250 வேலை நாட்களில் வீணாவது 3,750 யூனிட். விளக்குக்குச் செல்லும் மின்சாரம் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்றக் குளிர்சாதனம் அதில் மூன்றில் ஒரு பங்கைச் செலவிடுகிறது என்று கொண்டால், மேலும் 1,250 யூனிட். ஆக 5,000 யூனிட்.

அவ்விளக்குகளை 20 வாட் எல்.இ.டி. விளக்குகளாக மாற்றினால் அதே வீண்செலவு 2,000 யூனிட்டாகக் குறைகிறது. அதாவது விளக்கை மாற்றுவதால் மட்டுமே, அணைக்க மறந்தபோதும், 3,000 யூனிட் எஞ்சுகிறது. உணரியால் எஞ்சக்கூடியது மீதமுள்ள 2,000 யூனிட் மட்டுமே. உணரிகளும் இரவு பகலாக விழித்திருப்பதால் சிறிது மின்சாரம் உண்பவை. ஒரு வாட் வீதம் 20 உணரிகள் ஆண்டுக்கு 175 யூனிட் உண்ணும். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சற்றேறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. எனவே எஞ்சிய சேமிப்பும் ஆண்டுக்கு ஒரு டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவைத் தடுக்கும். முதலில் விளக்கு, பின்னர் உணரி என்னும் வரிசைமுறையை இக்கணக்கு நமக்கு உணர்த்துகிறது.

தோல்வி நேர்வது எங்கே?

நாம் நேரிற் கண்ட ஓர் அலுவலகத்தின் நிலையை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். அங்குக் கணக்குப் பிரிவில் பணியாற்றிய பெரியவர் ஒருவர், பேரேட்டின் மீது குனிந்து எண்களைச் சரிபார்ப்பவர். பக்கம் புரட்டுவதன்றி அவரிடம் வேறு அசைவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் தலைக்கு மேலிருந்த விளக்கு அணைந்துவிடும். அவர் எழுதுகோலை வைத்துவிட்டு, வருகைப் பதிவின்போது மாணவன் கையை உயர்த்துவதுபோல் கையை உயர்த்தி ஆட்டுவார். விளக்கு எரியும். இளையோர் நகைப்பர், அவரும் உடன் நகைப்பார். ஆயினும் முப்பது ஆண்டுப் பணிக்குப் பின்னர், தாம் இருப்பதை ஒரு குமிழுக்கு மெய்ப்பிக்க வேண்டிய நிலை அவருக்கு உவப்பாய் இருந்திராது. சில திங்கள் கழித்துச் சென்றபோது உணரியின் மீது தாள் ஒட்டப்பட்டிருந்தது. விளக்கோ நேரடி இணைப்பில் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. கருவிக்கு முன் இருந்ததைவிட மின்செலவு மிகுந்தது.

பிழை கருவியினுடையதா? உணரியின் பார்வையை இரும்பு அலமாரி ஒன்று மறைத்திருந்தது. அணைக்குமுன் பொறுக்கும் நேரத்தைப் பதினைந்து நிமிடமாக்காமல் ஐந்தாகக் குறைத்திருந்தனர். பொருத்தியவர் பொருத்திச் சென்றாரேயன்றி அங்கு அமர்ந்திருப்பவரிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பத்து நிமிடம் கூடுதலாக எரிந்தால் இழப்பது சில பைசா. அதைச் சேமிக்கப் புகுந்து முழுப் பயனையும் இழந்தனர்.

ஏற்றுதல் மனிதனுக்கு, அணைத்தல் கருவிக்கு

இனி நம் மைய வினாவுக்கு வருவோம். ஏற்றுதல், தணித்தல், அணைத்தல் ஆகிய மூன்றனுள் மனிதன் மறப்பது எது? இருளில் அமர்ந்திருப்பவன் விளக்கேற்ற மறப்பதில்லை. அவன் தேவையே நினைவூட்டும். வெளியேறுபவன் அணைக்க மறக்கிறான். அவன் தேவை தீர்ந்துவிட்டது. எனவே கருவியின் துணை வேண்டப்படுவது மறதி உள்ள இடத்தில்தான்.

அறைக்குள் நுழைந்தவுடன் விளக்கைத் தானே ஏற்றும் உணரி, பகலொளி நிறைந்த அறையிலும், ஒரு நொடி கோப்பை எடுக்க வந்தவர்க்கும், வழி தவறி எட்டிப் பார்த்தவர்க்கும் விளக்கேற்றுகிறது. வேண்டுவோர் பொத்தானை அழுத்தி ஏற்றிக்கொள்ள, ஆளில்லாதபோது மட்டும் கருவி அணைக்கும் முறையில் இவ்வீண்செலவு இல்லை. அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 2010-ஆம் ஆண்டின் தன் தர விதியில் பெரும்பாலான அறைகளுக்கு இதனையே வலியுறுத்திற்று: விளக்கைக் கையால் ஏற்றவேண்டும், தானே ஏறுவதாயின் பாதி அளவுக்கு மேல் ஏறலாகாது.

இதற்கு விலக்குகளும் உண்டு. மாடிப்படி, நடைவழி, கழிப்பறை ஆகிய இடங்களில் இருளில் சுவரைத் தடவச் செய்தல் முறையன்று. அங்கு விளக்கு தானே ஏறவேண்டும். படிகளிலும் வெளியேறும் வழிகளிலும் ஆளில்லாதபோதும் ஒளியைத் தணிக்கலாமேயன்றி முற்றும் அணைக்கலாகாது. உயிர்க்காப்பின் முன் சிக்கனம் வழிவிட வேண்டும்.

நாம் செய்யத் தக்கவை

2007-ஆம் ஆண்டின் இந்திய விதித்தொகுப்பு, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் தானே அணைக்கும் ஏற்பாட்டைக் கோரியது. அவற்றுள் 30 சதுர மீட்டருக்குக் குறைந்த அலுவலக அறைகள், கூட்ட அறைகள், பண்டக அறைகள் ஆகியவற்றோடு வகுப்பறைகளுக்கும் ஆள் உணரி வேண்டும் என்றது. ஆகவே கல்லூரிகளும் இப்பொருளுக்குப் புறம்பானவை அல்ல.

பெருஞ்செலவின்றி உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பல கூடங்களில் ஒரு சுவிட்சு, சாளரத்தோரம் முதல் உட்சுவர் வரை நீளும் ஒரு வரிசையை ஏற்றுகிறது. உள்ளே இருப்பவருக்கு ஒளி வேண்டுமாயின் சாளரத்தோர விளக்கும் எரியத்தான் வேண்டும். மின்கம்பி மாற்றும்போது வரிசைகளைச் சாளரத்துக்கு இணையாக அமைத்தால், சாளரத்தை ஒட்டிய வரிசையை மட்டும் பகல் முழுவதும் அணைத்து வைக்கலாம். சாளரத்தின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் ஒன்றரை மடங்குத் தொலைவு வரை பகலொளி பயன்தரும் என்பது பொறியாளர் கொள்ளும் தோராய விதி. இரண்டு மீட்டர் உயரமாயின் மூன்று மீட்டர் வரை.

நம் வெப்ப நாட்டில் மற்றொன்றையும் கருத வேண்டும். இங்குச் சாளர ஒளியோடு வெப்பமும் வருகிறது. அதற்கு அஞ்சித் திரையை நாள் முழுவதும் மூடி, விளக்கை நாள் முழுவதும் ஏற்றி வைக்கும் அறையில் எந்த ஒளி உணரியும் பயன்படாது. வெயிலைச் சாளரத்துக்கு வெளியிலேயே தடுக்கும் மேல்தட்டிகளும், வடக்கு நோக்கிய சாளரங்களும் அமைந்த பின்னரே அக்கருவிக்கு வேலை உண்டு.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. முதலில் விளக்கை மாற்றுக. பின்னர் கருவியை நாடுக. விற்பனைத் தாளின் விழுக்காட்டைவிட மின்னளவியின் எண்ணை நம்புக. பொருத்திய பின் ஒழுங்கு செய்யாத உணரி, பொருத்தாத உணரியினும் தீதாகக் கூடும். அங்கு அமர்ந்து பணியாற்றுவோரைக் கேட்டே அதன் இடமும் காலமும் குறிக்கப்பட வேண்டும்.

யாருக்கும் உரியதாகாத பொறுப்பைக் கருவி ஏற்றுக்கொள்வது நன்மையே. ஆயினும் அந்தப் பெரியவரின் உயர்த்திய கையை நாம் மறத்தல் ஆகாது. ஆளில்லா அறையின் விளக்கைக் கருவி அணைக்கட்டும். ஆளிருக்கும் அறையில் அவரே தம் ஒளிக்கு உரியவராய் இருக்கட்டும். கருவி வரும்வரையில், இன்று மாலை வகுப்பறையை விட்டு இறுதியாக வெளியேறுபவர் ஒருமுறை திரும்பிப் பார்த்து அணைத்துச் செல்வாராயின், அதுவே இவ்வாய்வு வேண்டும் தொடக்கமாகும்.